எடைமேடையில் வந்த எரர் 200: ஒரு பழைய டாஸ் புரோகிராமின் பழுது ஆய்வு

நாமக்கல் பக்கம் ஒரு பொது எடைமேடை. மக்காச்சோளம், மரவள்ளிக் கிழங்கு, கோழித்தீவனம் என்று ஒரு நாளைக்கு அறுபது எழுபது வண்டிகள் ஏறி இறங்கும். 2015 ஆகஸ்டில் ஒரு காலை அங்கிருந்து போன் வந்தது. "தம்பி, கம்ப்யூட்டர் செத்துப்போச்சுங்க. வண்டி வரிசை கட்டி நிக்குது, கொஞ்சம் சீக்கிரம் வாங்க" என்றார் உரிமையாளர்.

போய்ப் பார்த்தேன். பென்டியம் 166 எம்எம்எக்ஸ், விண்டோஸ் 98. மதர்போர்டில் மூன்று கெபாசிட்டர் தலை உப்பி வெடித்திருந்தன. அந்த போர்டுக்கு இனி உயிர் கிடையாது. ஆனால் ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்தது. அதை வெளியே எடுத்து எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்துக்கொண்டேன். அன்று நான் சரியாகச் செய்த முதல் வேலை இதுதான். பழைய இயந்திரத்தில் பழுது என்றால், கை வைக்கும் முன் நகல்.

எடைமேடையை ஓட்டுவது ஒரே ஒரு புரோகிராம். 1996-ல் சேலத்தில் ஒருவர், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்காக, டர்போ பாஸ்கல் 7.0 என்ற நிரல் எழுதும் மென்பொருளில் எழுதிக் கொடுத்தது. ஓட்டுவதற்கு ஒரு எக்ஸ்இ ஃபைல், மூன்று டேட்டா ஃபைல், அவ்வளவுதான். எழுதியவர் இப்போது இல்லை, மூல நிரலும் இல்லை. வண்டி எண்ணை அடித்து, வண்டி மேடையில் நின்றதும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். மூன்று நொடி கழித்து எடைகாட்டியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடையைப் படிக்கும். 'பீ' என்று ஒலி எழுப்பி, டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் சீட்டு அடிக்கும். பதினெட்டு வருடமாக இதை இயக்குபவர் ஓர் அக்கா. விசைப்பலகையைப் பார்க்காமலே அடிப்பார்.

மாற்று இயந்திரமாக உரிமையாளரின் வீட்டில் சும்மா கிடந்த பென்டியம் 4 வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி, 32 பிட். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். காரணம் எளிது: 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் புரோகிராம்களை ஓட்டும் பகுதியே கிடையாது. எக்ஸ்பியில் அந்தப் பகுதி இருக்கிறது, பெயர் என்டிவிடிஎம். இயந்திரத்தில் சீரியல் போர்ட்டும் பிரின்டர் போர்ட்டும் பின்னாலேயே இருந்தன. இன்டர்நெட் இணைப்பு கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

வேலை நடக்கும் வரை அக்கா எடைகாட்டியின் திரையைப் பார்த்துக் கையால் சீட்டு எழுதினார். அதனால் எனக்குப் பதற்றம் இல்லாமல் வேலை செய்ய நேரம் கிடைத்தது.

முதல் தடை

புரோகிராமை நகலெடுத்துப் போட்டு இரட்டைக் கிளிக் செய்ததும் ஒரு பெட்டி வந்தது. சிஸ்டம்32 ஃபோல்டரில் உள்ள ஆட்டோஎக்ஸெக்.என்டி என்ற ஃபைல் டாஸ் புரோகிராம்களை ஓட்டத் தகுந்ததாக இல்லை, மூடுங்கள் என்று அதில் இருந்தது. பார்த்தால் ஃபைல் மோசமாக இருப்பது போலத் தோன்றும். உண்மையில் ஃபைலே இல்லை. எக்ஸ்பியில் இது அடிக்கடி நடக்கும். சில வைரஸ்களும், சில 'சுத்தம் செய்யும்' புரோகிராம்களும் அதை அழித்துவிடும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ரிப்பேர் என்றொரு ஃபோல்டர் இருக்கிறது. அங்கே ஒரு நகல் காத்துக்கொண்டிருக்கும். அதையும் அதன் துணை ஃபைலான கான்ஃபிக்.என்டியையும் எடுத்து சிஸ்டம்32-ல் போட்டேன். ஐந்து நிமிட வேலை.

மறுபடி கிளிக் செய்தேன். கறுப்புப் பெட்டி ஒரு கணம் தோன்றி மறைந்தது. வேறு எதுவும் இல்லை.

இந்த இடத்தில் பலர் 'ஓடவே இல்லை' என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஓடியிருக்கிறது, ஏதோ சொல்லியும் இருக்கிறது. புரோகிராம் முடிந்ததும் எக்ஸ்பி அந்த சன்னலை மூடிவிடுவதால் சொன்னதைப் படிக்க முடியவில்லை. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து அங்கிருந்து பெயரை அடித்தால் செய்தி திரையிலேயே நிற்கும். நின்றது: ரன்டைம் எரர் 200. பக்கத்தில் ஒரு முகவரி, அதன் பின்பாதி 0091.

பூஜ்யத்தைத் தேடிய அரை நாள்

டர்போ பாஸ்கலின் கையேட்டில் 200 என்றால் பூஜ்யத்தால் வகுத்தல். உரிமையாளருக்கு இதைச் சொன்னதும் அவர் உடனே, "அப்ப யாரோ காலி எடையில பூஜ்யம் போட்டுட்டாங்க போலிருக்கு" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. டேட்டா ஃபைல்களைத் திறந்து கடைசி ஆயிரம் பதிவுகளை அலசினேன். பூஜ்யம் எங்கும் இல்லை. டேட்டா ஃபைல்களை அகற்றிவிட்டு வெறும் எக்ஸ்இயை மட்டும் ஓட்டினேன். அதே 200. மெமரி குச்சியை மாற்றினேன். அதே 200. விண்டோஸ் 98 போல நடிக்கச் சொல்லும் கம்பேட்டிபிலிட்டி அமைப்பை வைத்தேன். அதே 200, அதே 0091.

டேட்டா இல்லாமலும் வருகிறது என்றவுடனே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். புரோகிராமின் முதல் திரை கூட வரவில்லை. எந்த எண்ணையும் அது இன்னும் படிக்கவில்லை, எந்த எடையையும் கழிக்கவில்லை. அப்படியானால் வகுப்பது யார்?

ஒரு துப்பு தற்செயலாகக் கிடைத்தது. மதியம் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் ஆன்டிவைரஸ் சோதித்துக்கொண்டிருந்தபோது புரோகிராமை ஏழெட்டு முறை ஓட்டிப் பார்த்தேன். ஒரு முறை திறந்துவிட்டது! முழுத் திரையும் வந்தது. மூடிவிட்டு மறுபடி ஓட்டினால் மீண்டும் 200. ஆன்டிவைரஸ் முடிந்த பிறகு ஒரு முறை கூடத் திறக்கவில்லை. இயந்திரம் மூச்சுத் திணறும்போது மட்டும் திறக்கிற புரோகிராம் என்றால், பிரச்சினை டேட்டாவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது.

அன்றிரவு வீட்டில் டாஸ்பாக்ஸில் போட்டுச் சோதித்தேன். பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் அந்த மென்பொருளில் வேகத்தை நாமே குறைத்து வைக்கலாம். 3000 சைக்கிள் என்று வைத்து ஓட்டினேன். முதல் முயற்சியிலேயே திறந்தது. ஐந்து முறை ஓட்டினேன், ஐந்து முறையும் திறந்தது. சந்தேகம் தீர்ந்தது.

டாஸ்பாக்ஸிலேயே விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். அதன் அதிகாரபூர்வ வெளியீட்டில் பிரின்டர் போர்ட் வசதி கிடையாது. விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது அது. சீட்டு அடிக்காத எடைமேடையால் யாருக்கும் பயனில்லை.

உள்ளே நடப்பது

டர்போ பாஸ்கலில் திரை, விசை, ஒலி, காத்திருப்பு எல்லாவற்றையும் கவனிக்கும் பகுதிக்கு சிஆர்டி யூனிட் என்று பெயர். அந்தக் காலத்தில் எழுதிய ஏறக்குறைய எல்லா பாஸ்கல் புரோகிராமும் அதைச் சேர்த்துக்கொள்ளும். அதில் டிலே என்றொரு செயற்கூறு உண்டு. டிலே 3000 என்றால் 3000 மில்லிநொடி காத்திரு என்று பொருள். காத்திருப்பதற்கு அது பயன்படுத்தும் வழி வெறும் சுற்று: ஒன்றும் செய்யாமல் பல லட்சம் முறை எண்ணிக்கொண்டே இருப்பது. ஒரு மில்லிநொடிக்கு எத்தனை சுற்று என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். அதனால் புரோகிராம் தொடங்கியவுடன், முதல் வரி ஓடுவதற்கு முன்பே, சிஆர்டி யூனிட் ஓர் அளவெடுப்பை நடத்துகிறது.

அளவெடுக்கும் முறை அழகானது. பிசியின் கடிகாரம் நொடிக்குச் சுமார் 18.2 முறை துடிக்கும். 11,93,182 ஹெர்ட்ஸ் அலையை 65,536-ஆல் வகுத்து வரும் எண் அது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறக்குறைய 55 மில்லிநொடி. சிஆர்டி ஒரு துடிப்பு தொடங்கும்வரை காத்திருக்கிறது. தொடங்கியதும் அடுத்த துடிப்பு வரும்வரை சுற்றுகளை எண்ணுகிறது. வந்த எண்ணை 55-ஆல் வகுத்தால் ஒரு மில்லிநொடிக்கு இத்தனை சுற்று என்று கிடைத்துவிடும்.

சிக்கல் விடையை வைக்கும் இடத்தில் இருக்கிறது. எண்ணிக்கைக்கு 32 பிட் இடம் உண்டு. வகுத்து வரும் ஈவுக்கு 16 பிட் மட்டும். 16 பிட்டில் 65,535-க்கு மேல் எழுத முடியாது. எனவே 55 மில்லிநொடியில் சுற்றுகள் 36,04,480-ஐத் தொட்டுவிட்டால் ஈவு கொள்ளாது. அந்த நிலையில் இன்டெல் சிப் என்ன செய்யும் என்றால், பூஜ்யத்தால் வகுத்தால் எழுப்பும் அதே 0-ஆம் குறுக்கீட்டை, அதாவது ஓடும் வேலையை இடைமறிக்கும் எச்சரிக்கையை, எழுப்பும். இரண்டுக்கும் ஒரே மணி. மணி அடித்ததும் பாஸ்கல் தனக்குத் தெரிந்த ஒரே பொருளைத் திரையில் எழுதுகிறது: 200, பூஜ்யத்தால் வகுத்தல்.

நான் அரை நாள் தேடிய பூஜ்யம் எங்குமே இல்லை. எண் மிகப் பெரியதாகிவிட்டது, அவ்வளவே.

டர்போ பாஸ்கல் 7.0 வந்தது 1992-ல். அப்போது 486 வேகமான சிப். நொடிக்கு ஆறரைக் கோடி சுற்றுகளுக்கு மேல் போனால்தான் இந்தக் கோளாறு வரும். ஒரு சுற்றுக்கு மூன்று கடிகாரத் துடிப்பு என்று வைத்துக்கொண்டால் கணக்கு 200 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் போய் நிற்கிறது. 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய இயந்திரங்கள் பரவலானபோது உலகம் முழுக்க பாஸ்கல் புரோகிராம்கள் இப்படித்தான் சரிந்தன. எடைமேடையின் பழைய இயந்திரம் 166. கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றதால் அங்கே இத்தனை வருடமும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸ் 95-க்கே இதே நோய் வந்தது. ஏஎம்டி கே6-2 சிப் 350 மெகாஹெர்ட்ஸைத் தொட்டபோது, அங்கேயும் ஒரு காலக்கணக்குச் சுற்று மிக வேகமாக முடிந்து, தொடங்கும்போதே விண்டோஸ் நின்றுபோனது. மைக்ரோசாஃப்ட் அதற்குத் தனித் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது.

ஃபைலுக்குள் இறங்குதல்

மூல நிரல் இருந்தால் திருத்திய சிஆர்டி யூனிட்டோடு மறுபடி கம்பைல் செய்து புதிய எக்ஸ்இ ஆக்கினால் போதும். நம்மிடம் இல்லை. ஆகவே எக்ஸ்இக்குள்ளேயே பைட்டுகளை மாற்ற வேண்டும். வகுக்கும் இடத்தின் பைட் வரிசை பழகியவர்களுக்கு மனப்பாடம்: எஃப்7 டி0, எஃப்7 டி2, பி9 37 00, எஃப்7 எஃப்1. இதில் 37 என்பது பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் நம்முடைய 55. கடைசி இரண்டு பைட்டும் வகுத்தல் கட்டளை.

ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் தேடினேன். கிடைக்கவில்லை. பாதி வரிசையைத் தேடினேன். அதுவும் இல்லை. பாஸ்கலில் எழுதியது என்று எனக்குச் சொன்னதே தவறோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் 200-ம் 0091-ம் பாஸ்கல் தவிர வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

ஃபைலின் தலைப்பகுதியை மேலிருந்து நிதானமாகப் படித்தேன். 28-ஆம் பைட்டில் 'எல்இசட்91' என்று இருந்தது. எல்இசட்எக்ஸ்இ என்ற சுருக்கும் கருவியின் முத்திரை அது. ஃபிளாப்பியில் இடம் அருமையாக இருந்த நாட்களில் எக்ஸ்இயைச் சுருக்கி வைப்பார்கள். ஓடத் தொடங்கும்போது அது தானாக மெமரியில் விரிந்துகொள்ளும். டிஸ்கில் இருப்பது மூட்டை கட்டிய வடிவம். அதில் போய்த் தேடினால் எந்த வரிசையும் அகப்படாது.

அந்தக் கருவியை 1989 வாக்கில் எழுதியவர் ஃபிரான்ஸைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெலார், அப்போது இளைஞர். பின்னாளில் க்யூஎமு என்ற மென்பொருளைத் தொடங்கியவரும் அவரே. பழைய இயங்குதளங்களை இன்றைய கணினியில் உயிரோடு வைத்திருக்கப் பலர் நம்பியிருப்பது அதைத்தான். நாமக்கல்லில் ஓர் எடைமேடை புரோகிராமின் தலையில் அவருடைய முத்திரையைப் பார்த்தது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

மூட்டையை அவிழ்க்கும் கருவியும் அந்தக் காலத்திலேயே உண்டு. அவிழ்த்ததும் ஃபைல் ஏறக்குறைய இரு மடங்கானது. மறுபடி தேடினேன். ஒரே ஓர் இடத்தில், முழு வரிசையும் அப்படியே கிடைத்தது.

என் தவறு

55-க்குப் பதிலாகப் பெரிய எண்ணைப் போட்டால் ஈவு சிறியதாகும், 16 பிட்டுக்குள் அடங்கும். நான் 37 00 என்ற இரண்டு பைட்டையும் எஃப்எஃப் எஃப்எஃப் ஆக்கினேன், அதாவது 65,535. இனி எவ்வளவு வேகமான இயந்திரம் வந்தாலும் வகுத்தல் இடறாது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை எடைமேடையில் போட்டேன். ஓட்டினேன், திறந்தது. அக்கா வண்டி எண் அடித்தார், எடை வந்தது, சீட்டு அடித்தது. உரிமையாளர் டீ சொன்னார். எரர் போய்விட்டது, வேலை முடிந்தது என்று நானும் கருவிகளை எடுத்துப் பையில் வைத்தேன். நான்கு வண்டிகள் சீட்டு வாங்கிக்கொண்டு போயின.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னார்: "தம்பி, எல்லாம் சரிதான். ஆனா சத்தம் முன்ன மாதிரி இல்லை. 'பீ'ன்னு நீட்டி அடிக்கும். இப்ப 'டிக்'குன்னு போயிடுது."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த 'பீ' எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைச் சொல்வதும் டிலேதான். ஒலி சுருங்கியிருக்கிறது என்றால் எல்லாக் காத்திருப்பும் சுருங்கியிருக்கிறது. 55-ஆல் வகுக்க வேண்டியதை 65,535-ஆல் வகுத்ததால் ஒவ்வொரு டிலேயும் 1,191 மடங்கு குறைந்திருந்தது. 3 நொடி காத்திருக்க வேண்டிய இடத்தில் புரோகிராம் 3 மில்லிநொடி கூடக் காத்திருக்கவில்லை.

அந்த 3 நொடி எதற்கு என்று மேடையைப் பார்த்தால் புரியும். லாரி பிரேக் பிடித்து நின்றாலும் ஸ்பிரிங் பட்டையின் மேல் உடல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். எடைகாட்டியில் எண்கள் ஏறி இறங்கி, இரண்டு மூன்று நொடியில் ஒரு எண்ணில் நிற்கும். அக்காவின் கை பதினெட்டு வருடப் பழக்கத்தில் வண்டி நின்ற அடுத்த கணமே பொத்தானை அழுத்திவிடும். புரோகிராம் காத்திருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். நான் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டேன்.

அடுத்து வந்த காலி டிப்பரை மூன்று முறை ஏற்றி இறக்கச் சொன்னேன். எடைகாட்டி மூன்று முறையும் கடைசியில் 9,840 கிலோவில் வந்து நின்றது. சீட்டில் முதலில் 9,790, அப்புறம் 9,910, அப்புறம் 9,860.

மரவள்ளிக் கிழங்கு விற்கிறவருக்கு ஐம்பது கிலோ சின்ன விஷயம் இல்லை. உரிமையாளரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "முதல்ல அந்த நாலு வண்டியையும் கூப்பிடுங்க" என்றார். மூன்று திரும்பி வந்தன, மறு எடை போட்டோம். ஒன்று சரக்கை இறக்கிவிட்டது. அதற்கு வாங்கிய ஆலையின் எடையை வைத்துக் கணக்கை நேர் செய்தார். நான் புரோகிராமை நிறுத்திவிட்டு, கைச்சீட்டுக்கே திரும்பச் சொன்னேன்.

முந்தைய நாள் இரவு வீட்டில் திறந்ததும் நான் பார்த்தது ஒன்றே ஒன்று: எரர் வருகிறதா இல்லையா. டிலே எங்கெல்லாம் பயன்படுகிறது என்று பார்க்கவில்லை. டிலேயின் அளவுகோலையே மாற்றுகிறேன் என்று தெரிந்திருந்தும் பார்க்கவில்லை. எடைகாட்டியின் எண்ணையும் சீட்டையும் முதலிலேயே மூன்று வண்டி வைத்து ஒப்பிட்டிருந்தால், தவறான சீட்டு ஒன்று கூட வெளியே போயிருக்காது.

பத்து மடங்கு

இதற்கு ஆயத்தத் திருத்தக் கருவிகள் இணையத்தில் கிடைத்தன. எரரை நிறுத்துவதில் அவை நம்பகமானவை. ஆனால் ஈவை 65,535-லேயே நிறுத்தி வைக்கும் வகையில் அமைந்தவை வேகமான இயந்திரத்தில் டிலேயைச் சுருக்கவே செய்யும். எத்தனை மடங்கு சுருங்கும் என்பதும் இயந்திரத்தைப் பொறுத்து மாறும். எடைமேடைக்கு அது உதவாது. எனக்கு வேண்டியது, எந்த இயந்திரத்திலும் அதே 3 நொடி.

நாள் முழுக்க யோசித்ததில் வழி எளிமையாகவே வந்தது. 55-ஐ 550 ஆக்கினால் ஒவ்வொரு டிலேயும் சரியாகப் பத்தில் ஒரு பங்காகும். இயந்திரம் எதுவானாலும் பத்தில் ஒரு பங்குதான், ஏனென்றால் அளவெடுப்பு முன்போலவே நடக்கிறது. அப்புறம் புரோகிராமில் டிலே 3000 என்று கேட்கும் இடத்தில் 30,000 என்று மாற்றிவிட்டால் 3 நொடி திரும்பிவிடும். வகுத்தல் இடறும் எல்லையும் பத்து மடங்கு தள்ளிப்போய் 3 கோடியே 60 லட்சம் சுற்றாகிவிடும். அந்த பென்டியம் 4-க்கு அது போதுமா என்பதை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பைட் கணக்கில் 550 என்பது 26 02. எஃப்எஃப் எஃப்எஃப் இருந்த இடத்தில் அதை எழுதினேன். டிலே 3000-ஐத் தேடுவதும் கடினமாக இல்லை. 3000 என்ற எண்ணை ஏற்றி, அடுக்கில் தள்ளி, வேறு பகுதியை அழைக்கும் வரிசை: பி8 பி8 0பி, 50, 9ஏ. இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று லோடு எடைக்கு, மற்றது காலி எடைக்கு என்று தெரிந்தது. இரண்டிலும் பி8 0பி என்ற எண்ணை 30 75 ஆக்கினேன், அதாவது 30,000. ஒலிக்கான டிலே 200-ஐயும் 2000 ஆக்கினேன். அக்காவின் 'பீ' திரும்ப வர வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை. அந்த ஒலி சரியாக இருக்கிறதா என்று காதால் கேட்டாலே டிலே சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மீட்டர் தேவையில்லை.

எடைகாட்டிப் பெட்டியில் நான் கை வைக்கவே இல்லை. அது அரசு முத்திரையிட்டது. திருத்தம் முழுவதும் கணினிக்குள் இருக்கும் நகலில் மட்டும்.

இந்த முறை சோதனையைத் தலைகீழாகத் தொடங்கினேன். எரர் வருகிறதா என்பது கடைசிக் கேள்வி. அதே காலி டிப்பரை அன்று பத்து முறை ஏற்றி இறக்கினோம். எடைகாட்டி நிலைத்த எண்ணை ஒரு தாளில் நான் எழுத, சீட்டை அக்கா அடுக்கி வைத்தார். பத்திலும் இரண்டும் ஒன்றாக இருந்தன. பொத்தானுக்கும் ஒலிக்கும் இடையே கைக்கடிகாரத்தில் 3 நொடி. லோடு வண்டிகளில் ஆறு பார்த்தோம், அவையும் சரி. அப்புறம் இயந்திரத்தை அணைத்து அணைத்து இருபது முறை புரோகிராமைத் திறந்தேன். ஒரு முறை கூட 200 வரவில்லை. ஆன்டிவைரஸ் ஓடும்போது ஒரு முறை மட்டும் 'பீ' கொஞ்சம் குறைந்து ஒலித்தது. அளவெடுக்கும் அந்த 55 மில்லிநொடியில் வேறு வேலை குறுக்கிட்டால் எண்ணிக்கை குறையும், டிலேயும் குறையும். ஆன்டிவைரஸின் தானியங்கிச் சோதனையை இரவுக்குத் தள்ளிவைத்தேன். காலையில் திறந்ததும் ஒலி குறைவாகக் கேட்டால் ஒரு முறை மூடித் திறக்கச் சொன்னேன்.

மற்றவை சில்லறை வேலைகள். விசைக்காகக் காத்திருக்கும்போது டாஸ் புரோகிராம் சிப்பை நூறு சதவீதம் பிடித்துக்கொள்ளும். அதன் பண்புகளில் ஓய்வு உணர்திறன் அமைப்பை ஏற்றி வைத்ததும் அது அடங்கியது. பிரின்டர் எந்தத் தொல்லையும் தரவில்லை.

மாற்றிய ஒவ்வொரு பைட்டையும், அது இருக்கும் இடத்தையும், பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கேபினட்டின் உட்புறம் ஒட்டினேன். திருத்தாத மூல ஃபைல் ஒரு சிடியில் அதே உறைக்குள்.

மூன்று வருடம் கழித்து

2018-ல் பென்டியம் 4-ம் போனது. உரிமையாளர் கோர் 2 டூயோ ஒன்றை வாங்கி, எக்ஸ்பியை ஏற்றி, கூட ஒருவரை வைத்துக்கொண்டு ஃபைலை நகலெடுத்துப் போட்டிருக்கிறார். மறுபடியும் ரன்டைம் எரர் 200. எனக்குப் போன் செய்யும் முன்பே அக்கா கேபினட்டைத் திறந்து தாளைப் படித்திருந்தார். "தம்பி, 26 02ன்னு எழுதியிருக்கீங்களே, அது பத்தலை போல" என்றார். நிலவரம் அதுதான். புது இயந்திரம் 3 கோடியே 60 லட்சம் சுற்று என்ற எல்லையையும் தாண்டிவிட்டது.

550-ஐ 1100 ஆக்கினேன், பைட்டில் 4சி 04. 30,000-ஐ 60,000 ஆக்கினேன், 60 இஏ. ஒலி 4000. போய்ச் சேர்ந்து பதினைந்து நிமிடத்தில் முடிந்தது, வண்டி வைத்துச் சோதிக்க இரண்டு மணி நேரம். ஆனால் இதற்கு மேல் இடம் இல்லை. டிலே வாங்கும் எண்ணும் 16 பிட்தான், 65,535-க்கு மேல் போகாது. 3 நொடி வேண்டுமென்றால் இருபத்தோரு மடங்கோடு கதை முடிகிறது. இன்னும் வேகமான இயந்திரம் வந்தால் இந்த வழி அடைபட்டுவிடும் என்று தாளில் எழுதி, உரிமையாளரிடமும் உட்கார்ந்து விளக்கினேன்.

அவர் அந்த வருடமே புதிய புரோகிராமுக்கு ஏற்பாடு செய்தார். எடைகாட்டி ஒவ்வொரு எண்ணோடும் 'நிலைத்தது' அல்லது 'ஆடுகிறது' என்று ஒரு குறியை அனுப்புகிறது. பழைய புரோகிராம் அதைப் படிக்கவே இல்லை, 3 நொடி கண்ணை மூடிக் காத்திருந்தது. புதியது அந்தக் குறி 'நிலைத்தது' என்று வந்த பிறகே எடையை எடுக்கும். ஒரு மாதம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி, சீட்டுகளை ஒப்பிட்டோம்.

ஒப்பிட்டு முடித்த அன்று அக்கா ஒரே ஒரு மாற்றம் கேட்டார். புதிய புரோகிராமின் ஒலி குட்டையாக இருக்கிறது, பழையது போல் வேண்டும் என்றார். 200 மில்லிநொடி என்று வைத்தோம்.